செக் என்ற சொல்லுக்குள் ஒரு ராஜா

"பிரேக்கை செக் பண்ணிட்டு எடு", "செக் பவுன்ஸ் ஆயிடுச்சு", "செக் போட்ட சட்டை", "செக் நட்டை இறுக்கு", "ராஜாவுக்கு செக்". இந்த ஐந்தையும் ஒரே வாரத்தில் சொல்லிவிடுகிறோம். தமிழில் பெயர்த்துப் பாருங்கள்: முதலாவது சரிபார்ப்பது, இரண்டாவது காசோலை, மூன்றாவது கட்டம், நான்காவது தடுப்பது. ஐந்தாவதற்கு மட்டும் நம்மிடம் ஒட்டுகிற சொல் இல்லை, செக் என்றே சொல்கிறோம். ஒரு சொல்லுக்கு இப்படித் தொடர்பில்லாத பொருள்கள் இருந்தால், வேறு வேறு இடத்திலிருந்து வந்த சொற்கள் எழுத்தில் மட்டும் ஒன்றாகிவிட்டன என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட சொற்கள் நிறைய உண்டு. செக் அந்த வகை இல்லை. ஐந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், அவற்றில் மூத்தது ஐந்தாவது.

மூலம் பாரசீகம். அங்கே ஷா என்றால் ராஜா. அதன் பழைய வடிவம் க்ஷாயதிய. கி.மு. 520ஐ ஒட்டி பெஹிஸ்துன் மலைப்பாறையில் பாரசீகப் பேரரசர் டாரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டு "நான் டாரியஸ், மாமன்னன்" என்று தொடங்குகிறது. மன்னன் என்பதற்கு அங்கே உள்ள சொல் இதுதான். ஆளுதல் என்ற பொருளுள்ள அதே வேர் சமஸ்கிருதத்தில் க்ஷத்ர ஆகி, தமிழில் சத்திரியன் என்று வந்து உட்கார்ந்தது. ஆக, சத்திரியனும் செக்கும் தூரத்துச் சொந்தம்.

ஆட்டம் போன வழி தெரிந்ததுதான். சதுரங்கம் பாரசீகத்தில் சத்ரங் ஆனது. ஏழாம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைப் பிடித்த பிறகு ஷத்ரஞ்ச் ஆனது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குள் நுழையும்போது ஒரு பிளவு நடந்தது. ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் ஆட்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள்: அஹெத்ரெஸ், ஷத்ரெஸ். இரண்டும் நம் சதுரங்கத்தின் தேய்ந்த வடிவம். மற்ற ஐரோப்பியர் ஆட்டக்காரர்கள் போடும் சத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். எதிராளியின் ராஜா ஆபத்தில் இருந்தால் "ஷாஹ்!" என்று எச்சரிப்பது வழக்கம். "உன் ராஜா, பார்த்துக்கொள்" என்பதன் சுருக்கம் அது. அந்தக் கூப்பாடு ஜெர்மனில் ஷாக், இத்தாலியத்தில் ஸ்காக்கோ, இடைக்கால லத்தீனில் ஸ்காகுஸ், பழைய பிரெஞ்சில் எஸ்செக் ஆனது. ரஷ்யர்கள் "ஷா மாத்" என்ற முழு வாக்கியத்தையே விழுங்கி ஆட்டத்துக்கு ஷாக்மதி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பிரெஞ்சு எஸ்செக்கின் முன்னால் நிற்கும் எகரம் எங்கிருந்து முளைத்தது என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்கூல் என்று சொல்ல நாக்கு புரளாமல் இஸ்கூல் என்கிறோமே, அதே கதைதான். ஸ்க என்ற தொடக்கம் அவர்களுக்கும் வரவில்லை. ஆங்கிலேயர்கள் வாங்கும்போது அந்த எகரத்தை உதறிவிட்டு செக் ஆக்கிக்கொண்டார்கள். எஸ்செக்கின் பன்மை எஸ்செஸ். அதையும் தலையைச் சீவி வாங்கியதுதான் செஸ். அதாவது செஸ் என்ற பெயர் செக்கின் பன்மை, அவ்வளவே. "பல ராஜாக்கள்" என்று ஆட்டத்துக்குப் பெயர்.

செக்மேட்டைப் பற்றி ஒரு திருத்தம். "ஷா மாத்" என்றால் "ராஜா செத்தான்" என்று எங்கும் எழுதியிருக்கும். அரபியில் மாத என்றால் இறந்தான் என்பது உண்மை, அந்த ஒற்றுமையால் பிறந்த விளக்கம் அது. பாரசீகத்தில் மாத் என்றால் திகைத்துப்போன, செய்வதறியாத என்று பொருள். பலகையைப் பார்த்தாலே எது பொருந்துகிறது என்று தெரியும். சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. நகர இடமில்லாமல் அவர் திகைத்து நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

இப்போது முக்கியமான இடம். ராஜா என்ற பெயர்ச்சொல் எப்படி "நிறுத்து" என்ற வினைச்சொல் ஆனது? விடை ஆட்ட விதியில் இருக்கிறது. செக் விழுந்துவிட்டால் உங்கள் திட்டம் எதுவாக இருந்தாலும் அந்த நொடியோடு நிற்கும். அடுத்த நகர்த்தலில் எதிரியின் ராணியையே வெட்டலாம் என்று இருந்தாலும், அது செக்கைத் தீர்க்காது என்றால் முடியாது. செய்யக்கூடியவை மூன்றே: ராஜாவை நகர்த்தலாம், செக் கொடுத்த காயை வெட்டலாம், இடையில் ஒரு காயை நிறுத்தி மறைக்கலாம். குதிரை கொடுத்த செக் என்றால் மூன்றாவதும் இல்லை, அது தாண்டிக் குதிக்கும் காய். செக்கில் இருக்கும்போது கோட்டை கட்டவும் (காஸ்லிங்) முடியாது. இந்த அனுபவத்திலிருந்துதான் 14ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்தில் செக் என்றால் போகிற வேகத்தில் சட்டென்று தடுத்து நிறுத்துவது என்ற பொருள் வருகிறது. அதுவரை அது விளையாட்டுச் சொல். அதன் பிறகு பலகையை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டது.

நம் பட்டறைகளில் புழங்கும் செக் எல்லாம் இந்தப் பொருள்தான். செக் நட் என்பது சோதித்துப் பார்க்கும் நட் இல்லை. ஏற்கெனவே போட்ட நட்டைக் கழலாமல் தடுக்கிற இரண்டாவது நட். அதிர்வில் நட் கழல்வதற்குக் காரணம், மரைகளுக்கிடையே இருக்கும் பிடிப்பு ஒரு கணம் தளர்ந்துபோவது. இரண்டு நட்டை ஒன்றோடொன்று எதிரெதிராக இறுக்கினால், நடுவில் மாட்டிக்கொண்ட போல்ட்டுத் துண்டு இழுபட்டபடியே இருக்கும், பிடிப்பு தளராது. இதில் பலர் செய்யும் தவறு வரிசை. மெல்லிய நட் உள்ளே, தடித்த நட் வெளியே வர வேண்டும். இரண்டாவதை இறுக்கியதும் சுமை முழுக்க வெளி நட்டின் மரைக்குப் போய்விடுகிறது என்பதால், மரை அதிகமுள்ள தடித்த நட் அங்கேதான் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் பார்ப்பது தலைகீழாக. சைக்கிள் அச்சில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரும்புக் குண்டுகளை (பால்ரஸ்) அழுத்தி நிற்கும் கூம்பு வடிவ நட்டான கோனை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் செக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது அது கோனை உள்நோக்கிச் சற்றே தள்ளும். எனவே கோனைச் சரிசெய்யும்போது ஒரு இழை ஆட்டம் மிச்சம் வைக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் வைத்துவிட்டு செக் நட்டை முறுக்கினால் சக்கரம் கரகரவென்று சுற்றும், பால்ரஸ் சீக்கிரம் தேயும்.

செக் வால்வும் அப்படியே. தண்ணீரை ஒரு திசையில் விட்டு, திரும்பி வருவதைத் தடுப்பது. பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்றே சொல்வார்கள். உள்ளே கீலில் தொங்கும் ஒரு தட்டு, அது போய் உட்கார ஒரு வளையம், அவ்வளவுதான். மேல்நோக்கி ஓட்டமுள்ள நெட்டுக்குழாயில் வைக்கலாம், கிடைக்குழாயில் கீல் மேலே இருக்கும்படி வைக்கலாம். கீழ்நோக்கி ஓட்டமுள்ள நெட்டுக்குழாயில் வைத்தால் தட்டு தன் எடையிலேயே திறந்து கிடக்கும், வேலை செய்யாது. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் டங்கென்று சத்தம் வந்தால், தட்டு மூடும் முன் தண்ணீர் திரும்பிவிட்டது என்று அர்த்தம். திரும்பிய தண்ணீர் தட்டை அறைந்து சாத்துகிறது. ஸ்பிரிங் வைத்த வகை ஓட்டம் குறையும்போதே மூடிக்கொள்வதால் இந்த அறை விழாது.

தடுப்பணை என்ற தமிழ்ச்சொல்லை ஆக்கியவரைப் பாராட்ட வேண்டும். செக் டேம் என்பதைச் சோதனை அணை என்று எழுதாமல், ஓடும் நீரைத் தடுத்து வேகம் குறைப்பது என்று புரிந்து ஆக்கிய சொல். செக் போஸ்ட் சோதனைச்சாவடி ஆனதும் தவறில்லை, அங்கே இரண்டும் நடக்கிறது. நிறுத்துகிறார்கள், பிறகு பார்க்கிறார்கள்.

"நிறுத்து" எப்படி "சரிபார்" ஆனது என்பதற்கும் அந்தச் சாவடியே உதாரணம். ஒன்றை மேலே போகவிடாமல் நிறுத்திவைத்து, இன்னொன்றோடு ஒப்பிட்டு, சரி என்றால் விடுவது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் இந்த ஒப்பிட்டுப் பார்க்கும் பொருள் ஆங்கிலத்தில் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. இன்று செக் என்றதும் நமக்கு முதலில் தோன்றும் பொருள் குடும்பத்திலேயே இளைய பிள்ளைகளில் ஒன்று. மொழிபெயர்ப்பில் நடக்கும் பாதிக் குளறுபடிக்குக் காரணம், இந்த இளையதை மூத்ததாக நினைத்துக்கொள்வது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதுவரை சொன்னது ராஜாவின் கிளை. பலகைக்கு ஒரு தனிக் கிளை உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது.

சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் எஸ்செக்கியே என்று பெயர். லத்தீனில் ஸ்காகாரியம். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்கக் கணக்கைத் தீர்க்க ஒரு மேசை இருந்தது. 1170களின் இறுதியில் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அந்த அலுவலகத்தைப் பற்றிக் கேள்வி பதிலாக எழுதிய லத்தீன் நூலில் அதன் அளவு இருக்கிறது. நீளம் பத்தடி, அகலம் ஐந்தடி. மேலே வைக்கும் காசுகள் உருண்டு விழாமல் சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே விரிப்பது ஒரு கறுப்புத் துணி, அதில் கோடுகள். கோடுகளுக்கிடையே ஒரு அடியோ ஒரு சாணோ இடைவெளி. பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் மேசைக்கு அந்தப் பெயர். மேசையின் பெயர் அலுவலகத்துக்கு ஒட்டி, எக்ஸ்செக்கர் ஆயிற்று. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் எக்ஸ்செக்கரின் சான்சலர்தான். நேராகப் பெயர்த்தால் சதுரங்கப் பலகையின் சான்சலர். அந்த எக்ஸ் என்பது எழுதுகிறவர்கள் செய்த தவறு. முன்னால் நிற்கும் எஸ் லத்தீன் எக்ஸிலிருந்து வந்ததாக நினைத்துத் திருத்தப்போய்க் கெடுத்துவிட்டார்கள்.

ஏன் கட்டம்? அப்போது அங்கே எழுதியது ரோமன் எண்கள். பூஜ்யம் கிடையாது, இடமதிப்பு கிடையாது, தாளில் கழித்தல் போடவே வராது. ஆகவே இடமதிப்பைத் துணியில் வைத்தார்கள். வலமிருந்து இடமாக ஏழு பத்திகள்: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாவட்டத்தில் அரசருக்காக வசூலித்துக் கட்டும் அதிகாரியான ஷெரிஃப் ஒருவர் கட்ட வேண்டியது 143 பவுண்டு 7 ஷில்லிங் 5 பென்னி. மேல் வரிசையில் நூறில் ஒரு காசு, இருபதில் இரண்டு, பவுண்டில் மூன்று, ஷில்லிங்கில் ஏழு, பென்னியில் ஐந்து. மொத்தம் 18 காசுகள். அவர் கட்டியது 96 பவுண்டு 12 ஷில்லிங் 9 பென்னி. அதைக் கீழ் வரிசையில் வைக்கிறார்கள்: இருபதில் நான்கு, பவுண்டில் பதினாறு, ஷில்லிங்கில் பன்னிரண்டு, பென்னியில் ஒன்பது. இனி கீழே ஒரு காசை எடுத்தால் மேலேயும் ஒரு காசை எடுக்க வேண்டும். பென்னியில் மேலே ஐந்துதான், கீழே ஒன்பது. மேல் ஷில்லிங்கிலிருந்து ஒரு காசை எடுத்துவிட்டு, பென்னியில் பன்னிரண்டு வைக்கிறார்கள். பதினேழில் ஒன்பது போனால் எட்டு. மேல் ஷில்லிங் இப்போது ஆறு, கீழே பன்னிரண்டு. பவுண்டிலிருந்து ஒன்றை எடுத்து இருபது ஷில்லிங் வைத்தால் இருபத்தாறு, மிச்சம் பதினாலு. இப்படியே இடப்பக்கம் போனால் பாக்கி 46 பவுண்டு 14 ஷில்லிங் 8 பென்னி. படிக்கத் தெரியாத ஷெரிஃபும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு காசும் எடுபடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதுதான் முறையின் பலம். ஃபிட்ஸ்நீலே சொல்கிறார்: சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவது போல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

பணம் கட்டியதற்கு ரசீது ஒரு குச்சி. பெரும்பாலும் ஹேசல் மரம். தொகையை வெட்டுக்குறியாகப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிப்பு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி. பென்னிக்கு மரத்தைச் செதுக்காமல் கீறல் மட்டும். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து, கைப்பிடியுள்ள நீண்ட பாதியைக் கட்டியவரிடமும் சிறிய பாதியை அலுவலகத்திலும் வைப்பார்கள். சிறிய பாதியின் பெயர் ஃபாயில். யாராவது ஒரு பக்கத்தில் கூடுதல் வெட்டுப் போட்டால், இரண்டையும் சேர்த்துவைக்கும்போது அம்பலமாகிவிடும். மரத்தின் ரேகையும் பொருந்தியாக வேண்டும். வேறு குச்சியைக் கொண்டுவந்து ஏமாற்ற முடியாது. இந்த முறை 1826 வரை ஓடியது. குவிந்துகிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரிக்க, தீ புகைப்போக்கி வழியாகப் பற்றி, நாடாளுமன்றக் கட்டடமே பெரும்பகுதி சாம்பலானது.

அந்த ஃபாயில்தான் செக் புத்தகத்தில் கிழித்தபின் மிஞ்சும் கவுன்டர்ஃபாயில். இங்கே இரண்டு கிளையும் மறுபடி சந்திக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய வங்கிப் பேச்சில் செக் என்றால் பணம் கொடுக்கச் சொல்லும் தாள் அல்ல, அந்த அடிக்கட்டைதான். போலித் தாள் வந்தால் ஒப்பிட்டுத் தடுக்க உதவுவதால் அது செக். அடிக்கட்டையுள்ள தாளுக்கு செக் தாள் என்று பெயர் வந்து, நாளடைவில் தாளே செக் ஆனது. எக்ஸ்செக்கரின் சாயல் எழுத்தில் ஒட்டிக்கொண்டதால் பிரிட்டனில் இந்தப் பொருளுக்கு மட்டும் கியூ போட்டு எழுதுகிறார்கள். அமெரிக்கர்கள் கியூ இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். வரலாற்றுப்படி பார்த்தால் அமெரிக்க எழுத்துதான் பழையது. கியூ பின்னால் வந்த அலங்காரம்.

அரபியில் ஸக் என்ற சொல்லிலிருந்து காசோலை வந்தது என்று ஒரு செய்தி அடிக்கடி பகிரப்படுகிறது. இடைக்கால இஸ்லாமிய வணிகத்தில் ஸக் என்ற எழுத்துமூலப் பண ஆணை இருந்தது உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கட்டைப் பொருள் முதலிலும் தாள் பொருள் பிறகும் வருகிறது. ஸக்கிலிருந்து வந்திருந்தால் இந்த வரிசைக்குக் காரணமே இருக்காது. பெரும்பாலான சொற்பிறப்பு அகராதிகள் சதுரங்க வழியைத்தான் ஏற்கின்றன. வேடிக்கை என்னவென்றால் இரண்டு வழியிலும் சொல் பாரசீக அரபு மண்ணைத் தொட்டே வருகிறது.

துணியில் கட்டம் என்ற பொருளும் பலகையின் பிள்ளைதான். போர்த்துக்கீசியத்தில் ஷத்ரெஸ் என்ற ஒரே சொல் ஆட்டத்தையும் கட்டம் போட்ட துணியையும் குறிக்கும். சாதாரண நெசவில் பாவிலும் ஊடையிலும் ஒரே அகலத்தில் வெள்ளை, நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால், இரண்டும் வெள்ளையாகச் சந்திக்கும் இடம் வெள்ளை, இரண்டும் நீலமானது அடர்நீலம், மற்றவை நடுத்தரம். இரண்டு சாயத்தில் மூன்று நிறம். சதுரங்கப் பலகையில் இரண்டுதான்.

"ரசீது வைத்துக்கொண்டு ஒப்படை" என்ற பொருளை அமெரிக்கா தனியாக வளர்த்தது. மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தால் கிடைக்கும் வில்லை செக், உணவு மேசைக்கு வரும் பில் செக், மழையால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வர பேஸ்பால் மைதானத்தில் கொடுத்த சீட்டு ரெயின்செக். அதனால்தான் ஒரு அழைப்புக்கு ரெயின்செக் எடுத்துக்கொள்கிறேன் என்றால் "இன்று முடியாது, இன்னொரு நாள் வருகிறேன்" என்று பொருள். மழைக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமில்லை.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். இந்தச் சொல்லைப் பார்த்ததும் என்னைக் கேட்டால் முதல் கேள்வி, "இங்கே ஏதாவது நிறுத்தப்படுகிறதா?" என்பதாக இருக்க வேண்டும். ஆம் என்றால் தடு, அடக்கு, கட்டுப்படுத்து. இல்லை என்றால், "எதனோடாவது ஒப்பிடப்படுகிறதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் சரிபார். அதுவும் இல்லை என்றால் அநேகமாக ஏதோ ஒரு சீட்டு, வில்லை அல்லது கட்டம். கோபத்தை செக் செய்வது என்றால் அடக்குவது, கோபத்தைச் சோதிப்பது அல்ல. தீ அன்செக்டாகப் பரவியது என்றால் தடையின்றிப் பரவியது. அதே அன்செக்ட் ஒரு படிவத்தில் வந்தால் டிக் போடாத கட்டம். படிவங்களில் "பெட்டியைச் சரிபார்க்கவும்" என்று நிற்கும் வரிகள் இயந்திர மொழிபெயர்ப்பின் கைவரிசை. அங்கே கேட்பது டிக் மட்டும்தான். விமானத்தில் செக்ட் பேகேஜ் என்றால் சோதிக்கப்பட்ட பெட்டி இல்லை, கவுன்டரில் ஒப்படைக்கும் பெட்டி. கைப்பையையும்தான் சோதிக்கிறார்கள்.

அரசியலில் செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ் என்பதைச் "சரிபார்ப்புகளும் சமநிலைகளும்" என்று எழுதினால் கணக்காளர் வேலை மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு அதிகாரம் எல்லை மீறும்போது இன்னொன்று அதை நிறுத்தும் ஏற்பாடு அது. அமெரிக்காவில் காங்கிரஸ் நிறைவேற்றியதை அதிபர் வீட்டோவால் தடுக்கலாம், அந்த வீட்டோவை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் முறிக்கலாம். அப்பட்டமான சதுரங்க செக். தடைகளும் சமன்களும் என்று எழுதினால் போதும்.

இரட்டைப் பொருளில் வழுக்கிவிடும் சொற்களும் உண்டு. டபுள் செக் என்றால் பேச்சில் இரண்டாம் முறை பார்ப்பது. சதுரங்கத்தில் இரண்டு காய்கள் ஒரே சமயத்தில் ராஜாவைத் தாக்குவது. அப்போது வெட்டியும் பயனில்லை, மறைத்தும் பயனில்லை, ராஜா ஓடியே தீர வேண்டும். கிராஸ் செக் என்றால் வேறொரு ஆதாரத்தோடு ஒப்பிடுவது. ஐஸ் ஹாக்கியில் மட்டையை இரண்டு கையிலும் குறுக்கே பிடித்து எதிராளியை இடிப்பது, அது ஃபவுல். விளையாட்டுச் செய்தியை மொழிபெயர்க்கிறவர்கள் இதில் விழுந்து எழாமல் இருந்தால் ஆச்சரியம். செக் நாட்டுக்கும் நம் எண்ணெய்ச் செக்குக்கும் இந்தக் குடும்பத்தில் பங்கு கிடையாது. தமிழ் எழுத்தில் மட்டும் பங்காளிகள்.

தடுப்பதும் ஒப்பிடுவதும் ஒன்றாகச் சேர்ந்த இடம் செக் டிஜிட், சரிபார்ப்பு இலக்கம். புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணின் கடைசி இலக்கம் அதுதான். 9780306406157 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பன்னிரண்டில் ஒற்றைப்படை இடத்து இலக்கங்கள் 9, 8, 3, 6, 0, 1. கூட்டினால் 27. இரட்டைப்படை இடத்தவை 7, 0, 0, 4, 6, 5. கூட்டினால் 22, மூன்றால் பெருக்கினால் 66. இரண்டும் சேர்ந்து 93. அடுத்த பத்தின் மடங்கு 100, அதற்கு வேண்டியது 7. கடைசி இலக்கம் 7, சரி. ஏதாவது ஒரு இலக்கம் மாறினால் இது கட்டாயம் காட்டிக்கொடுக்கும். 64ஐ 46 என்று மாற்றி அடித்தால் கூட்டல் 97 ஆகி, கடைசியில் 3 கேட்கும், பிடிபடும்.

ஆனால் அதே எண்ணில் பின்னால் வரும் 61ஐ 16 என்று அடித்துப் பாருங்கள். ஒற்றைப்படை 32, இரட்டைப்படை 17, மூன்றால் பெருக்க 51, மொத்தம் 83. வேண்டியது மறுபடியும் 7. தவறான எண் சரியென்று உள்ளே போய்விடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களுக்கு வித்தியாசம் ஐந்தாக இருந்தால், இடம் மாறும்போது கூட்டல் சரியாகப் பத்து நகர்கிறது, பத்தின் மடங்கைப் பார்க்கும் முறைக்கு அது தெரிவதில்லை. 0-5, 1-6, 2-7, 3-8, 4-9 எல்லாம் இப்படித்தான். 2007க்கு முன்பிருந்த பத்து இலக்க முறை பதினொன்றால் வகுத்துப் பார்த்தது. பதினொன்று பகா எண் என்பதால் அடுத்தடுத்த எந்த இலக்கங்கள் இடம் மாறினாலும் அது பிடித்துவிடும். இதே புத்தகத்தின் பழைய எண் 0306406152. அதில் 61ஐ மாற்றினால் கடைசியில் 2க்குப் பதில் 7 கேட்கும். விலையாக, மீதிக்கு 10 தேவைப்படும்போதெல்லாம் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்தை அச்சடிக்க வேண்டியிருந்தது. கடைச் சரக்குகளின் பார்கோடு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும் என்று பதின்மூன்றுக்கு மாறியபோது எக்ஸ் போனது, அதோடு சேர்ந்து 61ஐயும் 16ஐயும் பிரித்துப் பார்க்கும் கண்ணும் போனது.